சஷ்டி விரதமும் மாத்திரை அட்டையும்

சென்ற மாதம் இரத்த அழுத்த மாத்திரை வாங்குவதற்காக ஹட்டனில் ஒரு மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் குரலைத் தாழ்த்திக் கருத்தடை மாத்திரை கேட்டாள். எடுத்துக் கொடுத்தார்கள். "இது எப்ப இருந்துங்க வேல செய்யும்?" என்று கேட்டாள். கவுண்டரில் இருந்தவர் கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னைக்கே போடலாம் அக்கா" என்றார்.

அவள் கேட்டது ஒன்று, அவர் சொன்னது இன்னொன்று. என்றைக்குப் போடலாம் என்பது வேறு, என்றையிலிருந்து நம்பலாம் என்பது வேறு. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறிவிட்டாள். கவுண்டர்காரரிடம் சொன்னேன். "சரி ஐயா, அடுத்த ஆளுக்குச் சொல்றேன்" என்றார். அடுத்த ஆளுக்குச் சொல்வதால் இந்த ஆளுக்கு என்ன பயன்?

வட்டவளைக்கு வந்து சேரும்வரை மனம் ஆறவில்லை. வீட்டில் மருமகளிடம் சொன்னேன். பெட்டிக்குள் இருக்கும் தாளை அந்தப் பிள்ளை வாசித்துக்கொள்ளும், நீங்கள் ஏன் கிடந்து தவிக்கிறீர்கள் என்றாள். அந்தத் தாளை நான் வாசித்திருக்கிறேன். மூன்று மொழியில் இருக்கிறது, மூன்றிலும் எழுத்து கடுகளவு. முக்கியமான வரி சரியாக மடிப்பு விழுகிற இடத்தில் இருக்கிறது.

ஆகவே அந்த வரியை முதலில் இங்கே எழுதிவிடுகிறேன். சாதாரணமாகக் கொடுக்கப்படும் இருபத்தெட்டு மாத்திரை அட்டையை, மாதவிலக்குத் தொடங்கி ஐந்து நாளுக்குள் போட ஆரம்பித்தால் அன்றைக்கே காவல் உண்டு, கரு தங்காது. அதற்குப் பிந்தி ஆரம்பித்தால், ஒரு நாளும் விடாமல் ஏழு நாள் போட்ட பிறகுதான் காவல். அதுவரை கணவனும் மனைவியும் விலகியிருக்க வேண்டும், அல்லது ஆணுறை வேண்டும். பால் கொடுக்கும் தாய்மாருக்குத் தருகிற இன்னொரு வகை உண்டு. அதற்கு இரண்டு நாள் கணக்கு, ஆனால் தினமும் அதே நேரத்தில் போட வேண்டும். எது எவருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரோ, பிரசவம் பார்க்கும் மருத்துவமாதுவோ பார்த்துச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்த ஏழு நாளைப் புரியவைப்பதற்கு நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தேன். கண்டியில் பெற்ற பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மருந்துகளின் பெயர்களை மனப்பாடம் செய்தேன், சிங்களத்தில் நடந்த வாய்மொழிப் பரீட்சையில் வியர்த்தேன், தேறினேன். வேலையை உண்மையில் கற்றுக்கொடுத்தவர் எனக்கு மேலே இருந்த மரியதாஸ் ஐயா. கொத்மலைப் பக்கத்துக் கத்தோலிக்கர். தோட்டத்து ஆட்களுக்கு அவர் 'டொக்டரய்யா', நான் 'சின்னய்யா'. நாங்கள் இருவரும் டொக்டர்கள் அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் உண்மையான டொக்டர் பதினான்கு மைலுக்கு அப்பால் இருந்தார்.

அந்தக் கட்டடம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. தகரக் கூரை. ஆறு சன்னல், அதில் இரண்டு மூடாது. மூடாத சன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்து மருந்துப் போத்தல்களுக்கு நடுவே நிற்கும். பதினொரு மணிக்குக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்ததும் பெண்கள் கூடையை வெளியே கவிழ்த்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வரிசையில் வந்து நிற்பார்கள். இருமல் மருந்தின் அதிமதுர வாசம், ஈரக் கம்பளி வாசம், பச்சைக் கொழுந்தின் வாசம். இந்த மூன்றும் சேர்ந்த வாசத்தை ஓய்வு பெற்றபின் நான் எங்கும் முகர்ந்ததில்லை. போன வருடம் போய்ப் பார்த்தேன். அரசாங்கம் எடுத்து, வெள்ளையடித்து, தரைக்கு ஓடு பதித்திருக்கிறார்கள். ஆறு சன்னலும் மூடுகின்றன. குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் குறை.

மரியதாஸ் ஐயா மாத்திரை அட்டை கொடுப்பது ஒரு பூசை மாதிரி நடக்கும். முதலில் அரைக்கதவைச் சாத்துவார். பிறகு அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்காரச் சொல்வார். தோட்டத்தில் உத்தியோகத்தர் முன்னால் ஆட்கள் உட்காருவதில்லை. உட்காரும்வரை அவர் பேசவே மாட்டார், சிலர் உட்காருவதற்கே ஐந்து நிமிடம் எடுப்பார்கள். அழுத்தம் பார்ப்பார். ஒற்றைத் தலைவலி, மஞ்சள் காமாலை, காலில் வீக்கம், ஒவ்வொன்றாகக் கேட்பார். கடைசி மாதவிலக்கு எப்போது தொடங்கியது என்பதை ஒரு முறையல்ல, இரண்டு முறை, இரண்டு விதமாகக் கேட்பார். அதன்பிறகுதான் அட்டை வெளியே வரும். இருபத்தொரு வெள்ளை மாத்திரை, ஏழு பழுப்பு மாத்திரை. பழுப்பு வெறும் இரும்புச் சத்து. விரலை முதல் மாத்திரையில் வைக்கச் சொல்லி, அம்புக்குறி வழியே கடைசிவரை நகர்த்தச் சொல்வார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நான் ஒரு பெண்ணுக்கு எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, "புரிஞ்சிச்சா?" என்று கேட்டேன். "சரிங்க" என்றாள். அவள் போனதும் ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இனிமே புரிஞ்சிச்சான்னு கேக்காதீங்க. இந்தச் சனம் நாலு தலமொறையா கங்காணிக்கும் தொரைக்கும் சரிங்கன்னு சொல்லியே பழகுனது. மலைய வித்துட்டேன்னு சொன்னாலும் சரிங்கன்னுதான் சொல்லும். என்ன செய்யப் போறன்னு கேளுங்க. அவ வாயால சொல்லட்டும்."

அன்றிலிருந்து ஒவ்வொருவரும் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது சட்டமாயிற்று. சிலர் சிரிப்பார்கள். சிலர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுந்து நின்று சொல்வார்கள். ஐயா சிரிக்கவே மாட்டார்.

ஏழு நாளைப் புரியவைக்க அவர் ஓர் உவமை வைத்திருந்தார். "ஒரு மலையில கொழுந்து பறிச்சிட்டு மறுபடி அதே மலைக்கு எத்தனாவது நாள் வர்றீங்க?" என்று கேட்பார். எங்கள் பக்கத்தில் தேயிலை நட்ட ஒவ்வொரு பகுதியும் ஒரு மலை. ஏழாம் நாள், மழை நல்லா இருந்தா ஆறாம் நாள் என்று பதில் வரும். "ஆ, அந்த ஒரு சுத்துதான். மறுநாளே போனா கொழுந்து இருக்குமா? மாத்திரையும் அப்புடித்தான்" என்பார். உடனே முகம் தெளியும். அந்த உவமையில் எனக்கும் பெருமைதான். பயிற்சியில் எவரும் அப்படிச் சொல்லித்தரவில்லை.

இனி அந்தத் தீபாவளிக்கு வருகிறேன்.

எங்கள் பிரிவில் இளம் ஆண்கள் பாதிப்பேர் கொழும்பில் கடைகளில் வேலை. தீபாவளிக்கு வந்தால் பத்துப் பன்னிரண்டு நாள் நிற்பார்கள், பிறகு தைப்பொங்கலுக்கோ சித்திரைக்கோதான். ஆகவே தீபாவளிக்கு முந்திய வாரம் டிஸ்பென்சரியில் ஒரு கூட்டம் வரும். கணவன் பஸ்ஸை விட்டு இறங்குகிற அன்று போட ஆரம்பித்து, பஸ் ஏற்றிவிட்ட அன்று நிறுத்திவிட்டால் போதும் என்று பலர் நம்பினார்கள். விருந்தாளி வந்தால் பாய் விரிப்பது மாதிரி. ஐயா ஐப்பசி பிறந்ததுமே தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகச் சொல்லியனுப்புவார், முந்தியே வாங்க, மாதவிலக்கோடு வாங்க என்று. அந்த வருடம் மருத்துவமாதுவும் இல்லை, மாற்றலாகிப் போய், பதிலுக்கு ஆளே வரவில்லை. எல்லாம் எங்கள் தலையில்.

புவனேஸ்வரி வந்தது தீபாவளிக்கு இரண்டு நாள் முந்தி. வரிசை முடியும்வரை மழைக்கு ஒதுங்கி நின்று, கடைசியாக உள்ளே வந்தாள். கொழுந்து பறிப்பவள், வயது இருபத்தாறு. இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் வயிற்றைக் கிழித்து எடுத்தவை. இரண்டாவது பிள்ளைக்கு இரத்தம் நிற்காமல் போய், ஆஸ்பத்திரியில் எட்டு நாள் கிடந்து பிழைத்தாள். மூன்று வருடத்துக்கு இன்னொரு பிள்ளை கூடாது, தங்கினால் உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் பிள்ளைக்கு அப்போதுதான் ஒரு வயது கடந்திருந்தது. பாலும் மறந்திருந்தது.

கணவன் குமார் கொழும்பு புறக்கோட்டையில் புடவைக்கடையில் வேலை. தீபாவளி அன்று காலை வந்து இறங்குவான். டொக்டர் சொன்னது அவனுக்குத் தெரியாது. காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறாள். மாமியார் அங்கம்மா அடுத்தது பேரன் அடுத்தது பேரன் என்று லயம் முழுக்கப் பேசிக்கொண்டு திரிகிறாள், விஷயம் தெரிந்தால் மகனுக்கு வேறு பெண் பார்க்கத் தொடங்கிவிடுவாள் என்று பயம். இதையெல்லாம் மரியதாஸ் ஐயா ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எடுத்தார்.

மாதவிலக்குத் தொடங்கி எட்டாம் நாள் என்றாள். இரண்டாவது விதமாகக் கேட்டபோதும் எட்டுதான் வந்தது. மூன்று நாள் முந்தி வந்திருந்தால் அன்றைக்கே காவல். ஐயா பேனாவை மூடி வைத்தார்.

"இன்னைக்குப் போட்டா நாளான்னைக்கு வேல செய்யாதாங்க ஐயா? தலவலி மாத்திர அரமணித்தியாலத்துல கேக்குதே."

ஐயா கொழுந்துச் சுற்றைச் சொல்லி ஏழு நாளை விளக்கினார். அவள் கணக்குப் பார்த்தாள். கணவன் வந்து ஐந்து நாள் இடிக்கிறது. ஆணுறைப் பாக்கெட்டை எடுத்து வைத்தார். அவள் அதைத் தொடவில்லை. இதை நான் எப்படி அவர் கையில் கொடுப்பது, எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது என்றாள். கேட்டதில் நியாயம் இருந்தது. மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நான் மேசையிலிருந்த போத்தல் மூடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன், எனக்கு அது பழக்கம்.

ஐயா சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தார். பொகவந்தலாவையில் பலசரக்குக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி வருடாவருடம் எங்களுக்குத் தருகிற கலண்டர், எல்லாச் சமயத்துப் பண்டிகையும் அதில் இருக்கும். அந்த வருடம் தீபாவளிக்கு மறுநாளே கந்தசஷ்டி ஆரம்பம்.

"புள்ள, நீ சஷ்டி விரதம் புடிப்பியா?"

"கல்யாணத்துக்கு முந்தி புடிச்சிருக்கேங்க."

"விரதக்காரி வீட்டுல புருசன் எங்க படுப்பான்?"

அவள் முதலில் விழித்தாள். பிறகு படங்கு முனையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சஷ்டி ஆறு நாள், ஏழாம் நாள் திருக்கல்யாணத்தோடு பாரணை; முந்திய இரவே, அதாவது தீபாவளி இரவே, விலகிப் படுக்கத் தொடங்க வேண்டும். பிள்ளை வரம் கேட்டுப் பிடிக்கிற விரதம் அது. ஆண்பிள்ளைக்காகப் பிடிக்கிறாள் என்று ஊர் தானாகவே நினைத்துக்கொள்ளும், மாமியார் வாய் அடைந்துவிடும். அன்றே மாத்திரையை ஆரம்பித்தால் சூரன் விழுகிற அன்று ஒன்பது மாத்திரை உள்ளே போயிருக்கும். தேவையான ஏழுக்கு மேலே இரண்டு. முருகன் மேல் எந்தப் பாத்தியதையும் இல்லாத ஒரு கத்தோலிக்கருக்கு இந்த யோசனை வந்ததை நினைத்து நான் பல நாள் சிரித்திருக்கிறேன்.

திருப்பிச் சொல்லச் சொன்னார். தினம் ஒன்று போடுவேன், ஏழு நாள் முடியும்வரை ஒன்றாகப் படுக்க மாட்டேன் என்று பிழையில்லாமல் சொன்னாள். முதல் மாத்திரையை எங்கள் முன்னாலேயே தண்ணீர் வாங்கி விழுங்கினாள். அட்டையை அரிசித் தகரத்துக்குள் மறைத்து வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரம் தோட்டமே கொண்டாட்டமாக இருந்தது. எனக்கு மட்டும் நிம்மதியில்லை. லயத்துப் பக்கம் போகிற வேலைகளை நானாகவே உண்டாக்கிக்கொண்டு போய்வந்தேன். குமார் லயத்து முன்வராந்தாவில், இஸ்தோப்பு என்போம், கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பது காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. கூட்டாளிமார் சும்மா விடுவார்களா? கொழும்பிலிருந்து இவ்வளவு தூரம் வந்து இஸ்தோப்புக்குக் காவல் இருக்கிறாயா என்று கேட்டார்கள். அங்கம்மா அவர்களை விளக்குமாற்றோடு விரட்டினாள். விரத வீட்டு வாசலில் என்ன பேச்சு என்று. யோசனை நூற்றுக்கு நூறு வேலை செய்கிறது என்று ஐயாவிடம் வந்து சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஆறாம் நாள் பின்னேரம் கோயில் மைதானத்தில் சூரசம்ஹாரம். தப்பு மேளம் அடிக்கிறார்கள், சூரன் தலையை ஆட்டிக்கொண்டு சுற்றி ஓடுகிறான், பிள்ளைகள் அலறுகிறார்கள். ஈரச் சேலையோடு புவனேஸ்வரி ஒரு பக்கமாக நின்றாள். முகம் வாடியிருந்தது, கண்ணில் மட்டும் ஒரு தெளிவு. கிட்டப் போய், எத்தனை வெள்ளை மிச்சம் என்று மெதுவாகக் கேட்டேன். பதினெட்டு என்றாள்.

இருபத்தொன்றில் ஒன்பது போனால் பன்னிரண்டுதான் இருக்க வேண்டும். திரும்பவும் கேட்டேன்.

"பதினெட்டுதாங்க சின்னய்யா. தீபாவளி வரைக்கும் மூணு போட்டேன். அப்புறம் வெரதத்துல மாத்திர முழுங்கலாமாங்க? வெறும் பாலும் பழமுந்தானே."

"ஏழு நாள் போடணும்னு சொன்னமே, புள்ள."

"ஏழு நாள் ஆயிருச்சேங்க. டொக்டரய்யாதானே சொன்னாரு, மலைய ஒரு சுத்து தொடாம விட்டா கொழுந்து தானா வந்துரும்னு. நாங்களும் தொடாமத்தானே இருந்தோம்."

அவள் சொன்ன விதத்தில் ஒரு ஓட்டையும் இல்லை. செடிக்கு அந்த ஏழு நாளில் எவரும் எதுவும் செய்வதில்லை, நாள் போனால் தளிர் வரும். விரதத்தில் மனிதர் எதையும் விழுங்குவதில்லை, நாள் போனால் பலன் வரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்த தோட்டத்துப் பெண் வேறு எப்படி விளங்கிக்கொள்வாள்? நாங்கள் சொன்ன இரண்டு நல்ல விஷயங்கள் சேர்ந்து ஒரு கெட்ட விஷயமாகிவிட்டன.

மறுநாள் பாரணை. குமார் கொழும்புக்குத் திரும்ப அதற்குப் பிறகும் நான்கு நாள் இருந்தது. மூன்று மாத்திரை போட்டு ஆறு நாள் விட்டது, போடாததற்குச் சமம். திரும்பவும் முதலிலிருந்து ஏழு நாள். அவள் நம்பிக்கையோடு வீட்டுக்குள் போய்ப் படுக்கப்போகிறாள். டொக்டர் சொன்ன ஆபத்து அப்படியே வாசலில் நிற்கிறது.

தோட்டத்து உத்தியோகத்தர்களோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மரியதாஸ் ஐயாவிடம் ஓடிப்போய்க் காதில் சொன்னேன். சூரனின் தலை விழுந்த நேரம். எல்லோரும் அரோகரா என்று எழுந்தார்கள். அவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். கூட்டம் கலைந்ததும் புவனேஸ்வரியைக் கோயில் மடப்பள்ளிச் சுவரோரம் கூப்பிட்டு, நடந்ததைச் சொன்னார். அவள் முகம் செத்துப்போயிற்று.

இன்னும் நான்கு நாள் விரதத்தை நீட்டச் சொல்லலாமே என்று நான் குறுக்கே சொன்னேன். ஐயா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒரு தடவ சுத்தி வளைச்சதே போதும் தம்பி." பிறகு அவளிடம் கேட்டார்: "குமாருகிட்ட நான் சொல்லட்டுமா புள்ள? ஒனக்குச் சம்மதம்னாத்தான்."

அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தாள்.

"நானே சொல்றேங்க. நீங்க கிட்ட இருந்தாப் போதும்."

மறுநாள் காலை, பாரணை முடிந்த கையோடு இருவரும் வந்தார்கள். குமார் புதுச் சட்டை போட்டிருந்தான், நெற்றியில் திருநீறு. சின்னப் பிள்ளைக்கு மருந்து வாங்க என்று நினைத்து வந்தவன், ஐயா அரைக்கதவைச் சாத்தியதும் முகம் மாறினான். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தான். நான் வெளியே போக எழுந்தேன், புவனேஸ்வரி இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். யாரைப் பார்த்தும் பேச முடியாமல் தராசைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"சின்னவ பொறந்தப்ப எனக்குக் காய்ச்சல்னு சொன்னேன். காய்ச்சல் இல்ல. ரெத்தம் நிக்கல. செத்துப் பொழச்சேன். இன்னொண்ணு இப்ப தங்குனா நான் இருக்க மாட்டேன்னு டொக்டர் சொல்லிட்டாரு."

குமார் ஐயாவைப் பார்த்தான். ஐயா ஆமாம் என்று தலையசைத்தார்.

"எனக்கு ஒரு டெலிபோன் கோல் எடுக்கத் தெரியாதா ஒனக்கு? கடைக்கு எடுத்தா கூப்புடுவாங்கதானே."

அவன் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"அப்ப விரதம்? அதுவும் பொய்யா?"

"இல்ல. அது நெசமாத்தான் புடிச்சேன்."

"என்னான்னு வேண்டி?"

"இருக்குற ரெண்டுக்கும் அம்மா வேணும்னு."

வெளியே யாரோ கூடையை இறக்கி வைத்தார்கள். குமார் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தான். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் எதையும் எண்ணவில்லை.

"இது எத்தன நாள்ல வேல செய்யும் ஐயா?" என்று கடைசியில் கேட்டான்.

ஐயா கொழுந்தைப் பற்றியும் சொல்லவில்லை, விரதத்தைப் பற்றியும் சொல்லவில்லை. புது அட்டை ஒன்றைப் பிரித்தார். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று, விரதமோ திருவிழாவோ வாந்தியோ கோபமோ எதுவானாலும் தினம் ஒன்று. ஏழு விழுங்கிய பிறகுதான் காவல். வெள்ளை மாத்திரை ஏழையும் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். நாள் போவது கணக்கில்லை, மாத்திரை போவதுதான் கணக்கு என்றார். பிறகு புவனேஸ்வரியை விட்டுவிட்டுக் குமாரைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். புடவைக்கடையில் ஆயிரம் பேருக்கு விலை சொல்லிப் பழகியவன் இரண்டு இடத்தில் தடுக்கினான். மூன்றாம் முறை சரியாகச் சொன்னான்.

ஆணுறைப் பாக்கெட்டை ஐயா மேசையில் நகர்த்தினார். குமார் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேண்டாம் என்றான். நாலு நாள்தானே, இஸ்தோப்பு தனக்குப் பழகிவிட்டது என்றான். அதைச் சொல்லும்போது முதல்முறையாக அவள் பக்கம் திரும்பினான். அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், அழத் தொடங்கினாள்.

அன்றோடு ஐயா கொழுந்துச் சுற்று உவமையை விட்டுவிட்டார். பிறகு வந்த யாருக்கும் அதைச் சொன்னதில்லை. உவமை இல்லாமல், மாத்திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டுவதுதான் கடைசிவரை. நானும் ஓய்வு பெறும்வரை அப்படித்தான் செய்தேன்.

குமார் நாலாம் நாள் விடிய பஸ் ஏறினான். மறுநாள் பதினொரு மணி வரிசையில் அங்கம்மா நின்றாள். அவள் இருமலுக்குக்கூட டிஸ்பென்சரி வாசலை மிதிக்காதவள், இஞ்சியும் மிளகும் போதும் என்கிற ஆள். அவள் முறை வந்ததும், மடியிலிருந்து புவனேஸ்வரியின் புது அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். அதன் ஓரத்தில் எலி கடித்திருந்தது. மாத்திரைகளுக்குச் சேதமில்லை.

மரியதாஸ் ஐயா எழுந்து அரைக்கதவைச் சாத்தினார். "உக்காருங்க அங்கம்மாக்கா" என்றார். அவள் உட்காரவில்லை.

"அரிசித் தகரத்துக்கு மூடி சரியில்ல. அதுக்குள்ளயா இத வைக்கிறது?"

ஐயா அட்டையைக் கையில் எடுத்து எலி கடித்த ஓரத்தைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களாய்யா? ஆஸ்பத்திரியில டொக்டர் சிங்களத்துலதான் சொன்னாரு. கெழவிக்குச் சிங்களம் வராதுன்னு அவ நெனச்சிக்கிட்டா. நான் கட்டுலுக்கு அந்தப் பக்கம்தான் நின்னேன். அவ ரெத்தத் துணியெல்லாம் தொவைச்சது யாரு?"

பிறகு ஏன் பேரன் பேரன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்று ஐயா மெதுவாகக் கேட்டார்.

"நான் பேசிக்கிட்டு இருந்தாத்தான் மத்ததுங்க பேசாது. நான் வாய மூடுனா அவளுக்கு என்னா கோளாறுன்னு கெளப்பி விட்ருங்க." சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். "மகன இஸ்தோப்புல படுக்க வச்சது முருகன்னா நெனைக்கிறீங்க?"

நான் என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் தோட்டங்களிலிருந்து பெண்களைக் கூட்டமாக ஏற்றிக்கொண்டுபோய்க் கருத்தடை ஒப்பரேஷன் செய்ததை மூத்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். அங்கம்மாவும் அதில் ஒருத்தி என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"என்னைய லொறியில ஏத்துனப்ப யாரும் ஒண்ணும் கேக்கல. பல்லு வலிக்குன்னு நெனச்சிக்கிட்டுப் போனவளும் அதுல இருந்தா. இவ தானா நடந்து வந்து, கேட்டு, வாங்கிட்டுப் போயிருக்கா. அத எலி தின்னலாமா?"

இனி எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார் ஐயா.

"சாமி படத்துக்குப் பின்னால. அங்கதான் புள்ளைங்க கை போடாது, வர்ற போறவங்களும் பாக்க மாட்டாங்க. காலையில வெளக்கேத்துறப்ப நானே ஒண்ணு எடுத்து அவ கையில குடுத்துருவேன். போட்டியா போடலயான்னு கேக்குற வேல இருக்காது."

அட்டையை வாங்கி மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு, கதவைத் தானே திறந்துகொண்டு போனாள்.

புது அட்டை தொடங்கி நான்கு வாரம் கழித்துப் புவனேஸ்வரி அடுத்த அட்டைக்கு வந்தாள். முடிந்த அட்டையைக் காட்ட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மேசையில் வைத்தாள். எலி கடித்த ஓரத்திலிருந்து தொடங்கி இருபத்தெட்டுக் குழியையும் விரலால் தடவிப் பார்த்தேன். எல்லாம் காலி. விரலைத் திருப்பினேன். திருநீறு ஒட்டியிருந்தது.